உடுப்பு, எடுப்பு

சனிக்கிழமை. கிம்லியில் சுழியத்துக்குக் கீழே முப்பத்தொரு பாகை.
ஏரி கல்லாகி மூன்று வாரம்.
பழைய உடுப்புக் கடையின் பின்னறையில்
ஊர் கழற்றிப் போட்டதையெல்லாம்
பை பையாய்ப் பிரிக்கிறோம்
நானும் தோர்டிஸும்.
முதல் வேலை, பொக்கற்றுக்குள் கைவிடுவது.
இருமல் இனிப்பு, பெற்றோல் துண்டு,
ஒருமுறை ஒரு பல்.

"ஃப்லீக்" என்றாள், ஒரு பாவாடையை உதறி.
அவள் வீட்டுக் குசினியில் பேசுகிற ஐஸ்லாந்து மொழி.
"பாவாடையோ?"
"இல்லை."
"அப்ப, துணி?"
"துணியில் ஆள் நுழைய முடியாதே.
சட்டை, கோட்டு, எதுவும் ஃப்லீக்தான்.
ஆனால் ஒன்றே ஒன்று."
குவியலைக் காலால் தள்ளிக் காட்டினாள்.
"இதெல்லாம் ஃபெட். உடுப்புகள்.
இதற்கு ஒருமை கேட்டாயோ,
சாப்பாட்டுத் தட்டில் போய் நிற்பாய்.
குவியலிலிருந்து ஒன்றைத் தோளில் பிடித்துத் தூக்கு.
அது ஃப்லீக்."

தூக்கினேன்.
கைகள் இரண்டும் தொங்க
யாரோ வந்து நின்றார்கள்.

தேத்தண்ணி நேரம் வினைச்சொல்லும் வந்தது.
ஃப்லீகா:
பிறர் காண எடுத்து ஆட்டுவது,
நெஞ்சில் கிடப்பதைச் சந்திக் கொடியில் காயப்போடுவது.
அந்தச் சொல் பெரும்பாலும்
'இல்லை'யின் கையைப் பிடித்துக்கொண்டுதான் வெளியே வருமாம்.
காசை ஃப்லீகா பண்ணாதவன்.
கவலையை ஃப்லீகா பண்ணாதவள்.
மெச்சித்தான் சொல்வார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
"எங்களிட்டயும் இருக்கு. உடுப்பு.
முதல் எழுத்தை மாத்து, எடுப்பு.
'அவவுக்குச் சரியான எடுப்பு' எண்டு
கலியாண வீட்டில சொல்லிப் பார்,
பாதிப் பேர் திரும்புவினம்."
இரண்டுக்கும் வேர் வேறு.
அடுத்தடுத்த வீடு, அவ்வளவுதான்.
உதுப்பு, எதுப்பு, உதுப்பு என்று
நாலு தரம் சொல்லிப் பார்த்தாள்.
'டு' கடைசிவரை மசியவில்லை.

பிறகு ஏழாவது பை.
ஆண்பிள்ளையின் குளிர்கோட்டு, சாம்பல் நிறம்,
இடது முழங்கையில் ஒட்டு,
ஒட்டுக்குச் சிவப்பு நூல்.

தோர்டிஸ் பொக்கற்றுக்குள் கைவிடவில்லை.

அவள் தையல் பெட்டியில் இருப்பது அந்தச் சிவப்பு நூல் மட்டும்தான்.
என் கோட்டின் மூன்றாம் பொத்தானும்
அதில்தான் நிற்கிறது.
தம்பி ஒருவன் இருந்தான், எய்நார்.
நவம்பரில் "போய்விட்டான்" என்றாள்,
அதே மூச்சில் அடுத்த பையை இழுத்தாள்.
இதைக் கட்டி இங்கே அனுப்பியது ஆர்?
மச்சாளாக இருக்கலாம்.
நான் கேட்கவில்லை.

விலைச் சீட்டில் ஆறு டொலர் என்று எழுதினாள்.
வெட்டினாள்.
அறுபது.
அறுபதுக்கு இந்த ஊரில் ஆர் வாங்குவார்?
குண்டூசி குத்தி, மற்றக் கோட்டுகளுக்கு நடுவே,
முழங்கை சுவரைப் பார்க்கக் கொழுவினாள்.

எங்கட பக்கம் என்றால் இந்நேரம்
நாலு பேர் கட்டிப்பிடித்துக் குரலெடுத்திருப்பினம்.
குரல் எடுப்பதும் எடுப்புத்தானே என்று
ஒரு கணம் ஓடியது மண்டைக்குள்.
வாயில் வந்தது வேறு:
"பொக்கற் பாக்கேல்லை."
"நீ பார்."

வலது பக்கம் வெறும் நூல்பிசிறு.
இடது பக்கம் ஒரு ஈயக்குண்டு,
தூண்டில் கயிற்றில் கட்டுவது,
பெருவிரல் நுனி அளவு. அளவுக்கு மீறிய பாரம்.
கை நீட்டினாள்.
வைத்தேன்.
ஏப்ரன் பைக்குள் போனது.

எட்டாவது பை முழுக்கச் சின்னப்பிள்ளைக் காலுறைகள்.
சோடி தேடுவதிலேயே மத்தியானம் முடிந்தது.
பதினொன்றுக்குச் சோடி இல்லை.

ஐந்து மணிக்கு விளக்கை அணைக்க நடந்தாள்.
ஏப்ரனின் ஒரு பக்கம்
கொஞ்சம் இறங்கியிருந்தது.